ஏறிப்போன தெரு

மேற்கு மாம்பலத்திலோ திருவல்லிக்கேணியிலோ பழைய வீடு ஒன்று இன்னும் இடிபடாமல் நின்றால் அதன் வாசலைப் பாருங்கள். கட்டிய காலத்தில் தெருவிலிருந்து மூன்று, நான்கு படி ஏறித்தான் திண்ணைக்குப் போயிருப்பார்கள். இன்று கீழ்ப்படிகள் தாருக்குள் புதைந்துவிட்டன. பல வீடுகளில் திண்ணையும் தெருவும் ஒரே மட்டம். சில வீடுகளில் வாசலைத் தாண்டியதும் கீழே இறங்க வேண்டியிருக்கிறது. வீடு புதையவில்லை, தெருதான் ஏறிவிட்டது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே 40 மில்லிமீட்டர் புதுத் தார், சில ஆண்டுகள் கழித்து இன்னொரு 40. ஆறு முறை அப்படிப் போட்டால் முக்கால் அடிக்கு மேல் உயர்ந்துவிடும். வாசலிலிருந்து தெருவுக்கு வடிந்த மழைத்தண்ணீர் இப்போது தெருவிலிருந்து கூடத்துக்கு வருகிறது. வசதி உள்ளவர்கள் அஸ்திவாரத்தில் வரிசையாக ஜாக்கி வைத்து வீட்டையே சில அடி தூக்கிக்கொள்கிறார்கள். சென்னையில் இன்று அது ஒரு தனித் தொழில். தெருக்களை நாம் எப்படிப் பராமரித்தோம் என்பதற்கு அந்த ஜாக்கிகளைவிடக் கசப்பான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தெருக்களில் பல முதலில் கப்பிச் சாலைகள். பெரிய ஜல்லியைப் பரப்பி ரோலர் ஓட்டுவார்கள். இடுக்குகளில் பொடிக்கல்லும் கிராவலும் தூவி, தண்ணீர் ஊற்றி, மறுபடி உருட்டுவார்கள். கல்லும் மண்ணும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இறுகிவிடும். அதன்மேல் மெல்லிய தார்ப் பூச்சு. தெருமுனையில் தார் டிரம்மைச் சாய்த்து, விறகு எரித்து உருக்கி, பூவாளி போன்ற தகர வாளியில் பிடித்துக் கையாலேயே தெளித்தார்கள். சின்ன ஜல்லியை இரும்புச் சட்டியில் சுமந்து வந்து கொட்டியவர்களில் பெண்கள் அதிகம். சூடு தாங்குவதற்குக் காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, சித்திரை வெயிலில், கொதிக்கும் தாரின் புகைக்குள் நின்று செய்த வேலை அது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வேலையின் தரமும் சீராக இருக்காது. தாரின் சூட்டைக் கண்ணால்தான் கணித்தார்கள். ஓரிடத்தில் அது கருகிப் பசை போய்விடும், இன்னோரிடத்தில் சூடு போதாமல் ஜல்லியில் ஒட்டவே ஒட்டாது.

ஆனாலும் அந்தத் தெருக்களுக்கு இரண்டு பலம் இருந்தது. முதலாவது, தண்ணீர் போவதற்கு வழி. தெருவின் நடு சற்று மேடாகவும் இரு ஓரமும் சரிவாகவும் இருக்கும். மழை அதிகம் பெய்கிற ஊருக்குத் தார்ச்சாலையில் ஒரு மீட்டர் அகலத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் சரிவு வேண்டும் என்பது இன்றைக்கும் விதி. சரிந்து வந்த தண்ணீரை வாங்கிக்கொள்ள மண் ஓரமும் மரத்தடியும் திறந்த கால்வாயும் இருந்தன. இன்று மதில் முதல் மதில் வரை தாரும் சிமென்ட்டும்தான். மண் தெரிவதே அபூர்வம்.

இரண்டாவது பலம், பார்ப்பதற்கென்று ஒரு ஆள். மேஸ்திரியும் அவரோடு நான்கைந்து பேரும் அடங்கிய கும்பல் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட சாலைகளை நடந்தே சுற்றி வரும். குழி சின்னதாக இருக்கும்போதே ஜல்லி போட்டுத் தட்டிவிடுவார்கள், ஓரத்துப் புல்லைச் செதுக்குவார்கள், அடைத்த கால்வாயைத் தூர் வாருவார்கள். கருவி என்று மண்வெட்டியும் கடப்பாரையும் தட்டுக்கட்டையும்தான். நெடுஞ்சாலைத் துறையிலும் இதே வேலைக்குச் சாலைப் பணியாளர்கள் உண்டு. 1997-ல் சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 10,000 பேர் 2002-ல் ஒரே அடியாக வேலையிலிருந்து நீக்கப்பட்டு, 2006-ல்தான் மறுபடி எடுக்கப்பட்டார்கள். பராமரிப்பு என்பது எவ்வளவு எளிதாக வெட்டிவிடக்கூடிய செலவாகத் தெரிகிறது என்பதற்கு அந்த நான்காண்டுகளே போதும். புதுச் சாலைக்குத் திறப்பு விழா உண்டு. அடைக்கப்பட்ட விரிசலுக்கு யார் விழா எடுப்பார்கள்?

பொருளிலும் இயந்திரத்திலும் நாம் வெகுதூரம் வந்திருக்கிறோம். ஊருக்கு வெளியே ஹாட் மிக்ஸ் பிளான்ட்டில் ஜல்லியும் தாரும் 150, 160 டிகிரியில் எடை பார்த்துக் கலக்கப்படுகின்றன. தார்ப்பாய் போர்த்திய லாரி இரவில் வருகிறது. பேவர் இயந்திரம் ஒரே தடிமனில் பரப்பிக்கொண்டே போக, ரோலர் பின்தொடர்கிறது. ஒரே இரவில் தெரு முடிந்துவிடும். தாரைத் தரம் பிரிக்கும் முறையும் மாறியது. முன்பு 25 டிகிரியில் ஒரு ஊசி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். 2006 முதல் 60 டிகிரியில் அதன் பாகுத்தன்மையை அளக்கிறார்கள். கத்திரி வெயிலில் நம் தார்ச்சாலை கொதிக்கிற சூட்டுக்கு அதுதான் பொருத்தமான சோதனை. நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் 2002-ல் பிளாஸ்டிக் கழிவு கலந்த சாலை போட்டார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவனின் முறை அது. சூடான ஜல்லியின் மேல் பொடியாக்கிய பிளாஸ்டிக் உருகிப் படலமாகப் படிந்துகொள்வதால், தண்ணீர் எளிதில் தாரையும் கல்லையும் பிரிக்க முடிவதில்லை. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இவ்வளவு இருந்தும் ஐப்பசி மழை முடிந்ததும் தெரு ஏன் பெயர்ந்து கிடக்கிறது? தார்ச்சாலையைக் கொல்வது பெரும்பாலும் வண்டியும் தண்ணீரும் கைகோத்துக்கொள்வதுதான். வெயிலிலும் காற்றிலும் தார் ஆண்டுக்கு ஆண்டு வறண்டு நெகிழ்வை இழக்கிறது. மயிரிழை போல விரிசல் விழுகிறது. அதன் வழியே இறங்கிய தண்ணீர் அடியிலுள்ள கிராவலை ஊறவைக்கிறது. மேலே சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தத் தண்ணீர் அழுந்தி, நுண்மண்ணை விரிசல் வழியே வெளியே துப்புகிறது. மழைக்கு மறுநாள் விரிசல் ஓரத்தில் வெளிறிய சேற்றுக்கறை தெரிந்தால் அடித்தளம் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். குழி விழ இன்னும் சில வாரம்தான்.

வண்டி என்றதும் ஸ்கூட்டரையும் காரையும் நினைக்க வேண்டாம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாயில் சாலைகளைக் கட்டி லாரிகளை ஓட்டி ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். ஓர் அச்சின் எடை இரட்டித்தால் சாலைக்கு நேரும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகிறது என்பது அதிலிருந்து வந்த கணக்கு. சென்னைக் குடியிருப்புத் தெருக்களுக்குள் வருகிற கனமான வண்டி தண்ணீர் லாரி. 12,000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 12 டன். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு நகரமே லாரியை நம்பி இருந்தபோது, காருக்கும் பைக்குக்கும் போட்ட தெருக்களில் இரவு பகலாக அந்த எடை ஓடியது. குடிக்கத் தண்ணீர் கேட்டதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் லாரி போகும் தெருவுக்கு அடித்தளமும் அதற்கேற்பப் போட்டிருக்க வேண்டும்.

தெருவின் சீர்கேட்டை எடைபோடும் முறைக்கு வருகிறேன். மேஸ்திரிக்கு அது அனுபவம். இன்று அதற்கு அளவுகோல் இருக்கிறது. அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் 1970-களில் உருவாக்கிய மதிப்பீட்டில் குறையற்ற சாலைக்கு 100, முற்றாக அழிந்ததற்கு 0. தெருவைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டு, என்ன வகைச் சேதம், எவ்வளவு கடுமை, எவ்வளவு பரப்பு என்று மூன்றையும் பதிந்து மதிப்பெண்ணைக் கழிக்கிறார்கள். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸும் தார்ச்சாலைப் பராமரிப்புக்கென்றே தனி வழிகாட்டி வைத்திருக்கிறது. எண்ணைவிட முக்கியம், சேதத்தின் வகையைப் பிரித்தறிவது. மேற்பரப்பில் ஜல்லி உதிர்ந்து சொரசொரப்பானால் தாருக்கு வயதாகிவிட்டது, மெல்லிய மேற்பூச்சு போதும். தனித்தனி விரிசல் என்றால் சுத்தம் செய்து தார் ஊற்றி அடைத்துவிடலாம். முதலைத்தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்திருந்தால் நோய் அடியில் இருக்கிறது. அங்கே மேலே எத்தனை அங்குலம் தார் போட்டாலும் வீண். தோண்டி, நனைந்த கிராவலை அள்ளிவிட்டுப் புதிதாக அடித்தளம் போட வேண்டும். வகை பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாகத் தெரு முழுக்கப் புதுத் தார் பூசியதால்தான் வீடுகள் தெருமட்டத்துக்குக் கீழே போயின.

குழி அடைப்பதிலும் இதே கதை. லாரியிலிருந்து மண்வாரியால் நாலு வாரு கலவை போட்டு, அதே லாரியின் சக்கரத்தை மேலே ஏற்றிவிட்டுப் போவதை எல்லோரும் பார்த்திருப்போம். சரியான முறை நேரம் பிடிக்கும். குழியைச் சுற்றி உறுதியான தார் கிடைக்கும் வரை சதுரமாகவோ செவ்வகமாகவோ வெட்டி, ஓரங்களைச் செங்குத்தாக்க வேண்டும். தூசியும் ஈரமும் போக்கி, அடியிலும் ஓரத்திலும் திரவத் தார் பூச வேண்டும். கலவையை அடுக்கடுக்காகப் போட்டு, சூடு 90 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் இறுக்கி முடித்து, சுற்றுத் தையலை மூட வேண்டும். தையலை மூடாமல் விட்டால் அடுத்த மழைத்தண்ணீர் நுழைவது அங்கேதான். குடிநீர், சாக்கடை, மின்சாரம், இணையக் கேபிள் என்று ஆளுக்கொரு முறை வெட்டுகிற பள்ளங்களுக்கும் இது பொருந்தும். மண்ணை ஒரே மூச்சில் தள்ளி மூடாமல், அரை அடிக்கு அரை அடி போட்டு இறுக்கினால், தெருவின் நீளத்துக்கு ஓடுகிற அந்த உள்வாங்கிய தடம் வராது.

2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று உத்தரவிட்டார். வெகுகாலமாகத் தெருவாசிகள் கேட்டு வந்தது அது. பெரிய சாலைகளில் மில்லிங் இயந்திரம் இப்போது பழகிய காட்சி. பத்தடிச் சந்துக்குள் அந்தப் பெரிய இயந்திரம் நுழையாது. அங்கே ஜேசிபி வாளியால் கீறும்போது மேல்தாரோடு அடித்தளமும் கலைந்து போகிறது. கலைந்ததை இறுக்காமல் அதன்மேல் பளபளப்பாகப் போட்ட தார் முதல் மழையிலேயே அமுங்கும். உத்தரவுக்கு உயிர் வர வேண்டுமானால் சின்ன இயந்திரங்களும், சுரண்டியபின் மட்டம் பார்க்கிற ஒரு பொறியாளரும் தெருவில் நிற்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கும் நிற்க வேண்டும்.

மாநகராட்சியின் சுமையும் சிறிதல்ல. 2011-ல் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. உட்புறச் சாலைகள் மட்டுமே 5,000 கிலோமீட்டருக்கு மேல். 1913 என்ற தொலைபேசி எண்ணுக்கு வருகிற புகாரின் பின்னால் ஓடுவதிலேயே பொழுது போய்விடுகிறது. ஆனால் புகார் வருவது குழி விழுந்த பிறகு. தார்ச்சாலையின் தரம் முதல் சில ஆண்டுகள் மெதுவாகக் குறையும், ஒரு கட்டத்துக்குப் பிறகு செங்குத்தாக விழும். விழுவதற்குச் சற்று முன், பார்வைக்கு நன்றாகவே இருக்கிற தெருவில் விரிசலை அடைப்பதுதான் மிக மலிவான வேலை. அந்தத் தெருவைப் பற்றி யாரும் புகார் செய்வதில்லை. அதைக் கண்டுபிடிக்க மேஸ்திரியின் பழைய நடையும் இன்றைய மதிப்பெண் முறையும் சேர வேண்டும்.

அதற்கு நான் கேட்பது ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் ஒரு பலகை. ஒவ்வொரு தெருவுக்கும் கடைசியாகச் சாலை போட்ட மாதம், தடிமன், சுரண்டிய ஆழம், அதன்பின் வெட்டியவர்கள் யார், மூடியது எப்போது, உத்தரவாதம் எதுவரை என்பதை அதில் எழுதட்டும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டிச் சாலை வெட்டுக்குத் தடை வந்துவிடும். அதற்கு முந்தைய ஆடி, ஆவணி மாதங்களில் வார்டுப் பொறியாளர் அந்தப் பலகையோடு தெருவாசிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடந்து, விரிசல்களைச் சுண்ணாம்பால் வட்டமிட்டுவிட்டு வரட்டும்.