ஸியாரம் இல்லாத தர்ஹா: கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசல்

மாணவர்களே! பழைய வணக்கத்தலம் ஒன்றின் வரலாற்றை ஆராய்வோர் அதன் அருகிலுள்ள கல்லறைகளையும் பார்ப்பர். அவற்றில் பொறிக்கப்பட்ட பெயரும் ஆண்டும் தொல்பொருள் மூலாதாரமாகும்.

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசல் இதற்கு வேறுபட்டது. இங்குள்ள தர்ஹா 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நாகூர் ஆண்டகை ஷாஹுல் ஹமீத் அவர்களின் நினைவாக அமைந்தது. எனினும் அன்னாரின் ஸியாரம் இங்கில்லை. தமிழ்நாட்டின் நாகூரிலேயே உள்ளது.

அவ்வாறாயின் இங்கு தர்ஹா எவ்வாறு வந்தது?

அன்னார் கடற்பயணிகளைக் காப்பவர் என்ற நம்பிக்கை தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர், மாலுமிகளிடையே நிலவியது. அவர்கள் சென்ற கரைகளில் நினைவிடங்கள் எழுந்தன. சிங்கப்பூரிலுள்ள நாகூர் தர்ஹா 1828–1830 காலப்பகுதியில் கட்டப்பட்டது. பினாங்கிலும் ஒன்று உண்டு. கல்முனைக்குடியில் ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் நடைபெறும் கொடியேற்று விழாவும் நாகூர்த் தொடர்பையே காட்டுகிறது.

நினைவிற் கொள்க

1. “நாகூர் ஆண்டகை கல்முனையில் அடக்கப்பட்டார்” என எழுதுவது பிழை.
2. வாய்மொழி மரபும் ஒரு மூலாதாரமே. ஆயினும் அதனை ஏனைய சான்றுகளுடன் ஒப்பிட வேண்டும்.

கல்லில் எழுதப்படாத வரலாறு மனிதர் நினைவிலேயே தங்கியிருக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அவர்களுடன் அவர்கள் அறிந்திருந்த ஊர்க்கதைகளும் மறைந்தன. ஆகவே உங்கள் ஊர்ப் பெரியோரிடம் இன்றே கேளுங்கள். சொன்னவர் பெயரையும் திகதியையும் சேர்த்தே எழுதிவையுங்கள்.