ஆயுளை நீட்டும் வார்த்தைகள்

இங்கிலீஷ் பாஷையில் ஒரு பொருளையோ காரியத்தையோ நெடுநாள் நிலைக்கச் செய்வதற்கு எத்தனை வார்த்தைகள் இருக்கின்றன என்று நேயர்கள் எப்போதாவது கணக்கிட்டுப் பார்த்ததுண்டா? புரொலாங், எக்ஸ்டெண்ட், லெங்தன், புரொட்ராக்ட், ஸஸ்டெயின், பிரிஸர்வ், மெயின்டெயின், பெர்பெச்சுவேட், ரென்யூ, ஈக் அவுட் என்று பத்து விரல்களும் தீர்ந்த பிறகும் பாக்கி இருக்கும். எலவனாசூர்கோட்டைச் சுற்று வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இவற்றை இருபது வருஷமாகச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அவர்கள் எல்லாவற்றிற்கும் ஒரே அர்த்தந்தான் எழுதுகிறார்கள்: 'நீட்டித்தல்.' பரீட்சையில் அதற்கு மார்க்கும் கிடைத்துவிடுகிறது.

ஆனால் அந்தப் பத்து வார்த்தைகளும் பத்து விதமான காரியங்கள். புரொலாங் என்பதற்குள் 'நீளம்' என்ற லத்தீன் சொல் இருக்கிறது. எக்ஸ்டெண்ட் என்றால் விரித்து நீட்டுவது. ஸஸ்டெயின் என்பது கீழே கை கொடுத்துத் தாங்குவது. மெயின்டெயின் என்பது கையிலேயே பிடித்துக் கொண்டிருப்பது. புரொட்ராக்ட் என்பதற்கு மூலம் 'இழு' என்னும் லத்தீன் வினை. இந்த இடத்தில் நம்மவர்கள் லத்தீன் படிக்காமலே அதே உவமையைப் பிடித்திருக்கிறார்கள். வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கி வழக்கை வளர்க்கும் வக்கீலைப் பற்றி, 'இழுத்தடிக்கிறார்' என்றுதானே சொல்லுகிறோம்?

எனக்கு மிகவும் பிடித்தது ஈக் அவுட் என்பதுதான். இது லத்தீன் சரக்கன்று; பழைய இங்கிலீஷ். 'ஈக்' என்றால் கூட்டுவது. நிக்நேம் என்று சொல்லுகிறோமே, அதுவும் 'ஈக்நேம்', அதாவது கூடுதல் பெயர், என்பதாகவே இருந்து, முன்னால் நின்ற னகரம் வந்து ஒட்டிக்கொண்டதால் உருமாறியது. இருக்கிற கொஞ்சத்தோடு எதையாவது கூட்டியும் குறைத்துச் செலவிட்டும் நாளைக் கடத்துவதே ஈக் அவுட். இரண்டு பேருக்குப் போதாத கூழில் தண்ணீரை விட்டு நான்கு பேர் பசியை ஆற்றும் தாயாருக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. 'எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன்' என்று அவள் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறாள். அகராதி பார்த்து மொழிபெயர்ப்பவர்களுக்கு இந்த வார்த்தை ஏனோ அகப்படுவதே இல்லை.

கெடாமல் காப்பது என்ற விஷயத்திலோ, தமிழ் கொட்டிக் கிடக்கிறது. இங்கிலீஷ்காரர் பல இடங்களில் பிரிஸர்வ் என்ற பொதுச் சொல்லைப் போட்டு ஒப்பேற்றுகிறார். நமக்கு மாங்காய் உப்பில் ஊறினால் ஊறுகாய். வெயிலில் காய்ந்தால் வற்றல். மீன் காய்ந்தால் கருவாடு. இறைச்சி உப்பிட்டுக் காய்ந்தால் உப்புக்கண்டம். தோலாக இருந்தால் பதனிடுவது. மேற்கே தெரியும் கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கடுக்காயைப் பாருங்கள். தோல் பதனிடுவதற்கும் அது உதவும். பழைய கட்டடங்களில் சுண்ணாம்புக் காரை இறுகுவதற்கும் அதன் சாற்றைச் சேர்த்திருக்கிறார்கள்.

இவ்வளவும் சொல்லாராய்ச்சிப் பொழுதுபோக்கு என்று சிலருக்குத் தோன்றலாம். சென்ற வருஷம் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறேன். பக்கத்துக் கிராமத்து மூதாட்டி ஒருத்தி, மகன் வெளியூரில் கட்டட வேலை செய்கிறவன், ஓர் அடகு ஸ்தாபனத்தில் இரண்டரைப் பவுன் சங்கிலியை வைத்திருந்தாள். இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ் வந்தது. பேரன் வாசித்து, "கெடுவை நீட்டித் தர்றாங்களாம் ஆயா" என்றான். அவள் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதங் கழித்து அந்தக் காகிதத்தை என்னிடம் கொண்டு வந்தாள்.

"வாத்தியாரய்யா, நீட்டித் தர்றேன்னுட்டு நகையை ஏலத்துல விட்டுட்டாங்களே, இது என்ன ஞாயம்?"

வாங்கிப் பார்த்தேன். குறிப்பிட்ட தேதிக்குள் வட்டியைக் கட்டிக் கடனை 'ரென்யூ' செய்துகொள்ளலாம் என்றும், தவணை 'எக்ஸ்டெண்ட்' செய்யப்பட மாட்டாது என்றும் அதில் தெளிவாகவே கண்டிருந்தது. இங்கிலீஷில் குற்றமில்லை. பேரனையும் நோவதற்கில்லை, ரென்யூ என்றாலும் நீட்டித்தல், எக்ஸ்டெண்ட் என்றாலும் நீட்டித்தல் என்று படித்து மார்க்கு வாங்கிய பிள்ளைதானே அவன்! பழைய கடன் அப்படியே நாள் வளர்வது ஒன்று; பழையது தீர்ந்து அதே நகையின் பேரில் புதுக் கடன் பிறப்பது வேறொன்று. இரண்டாவதை எங்கள் ஊரார் 'திருப்பி வைக்கிறது' என்பார்கள். அந்த இரண்டு வார்த்தைகள் நோட்டீஸில் தமிழில் இருந்திருந்தால் கிழவி எங்கேயாவது வட்டிப் பணத்தைப் புரட்டிக்கொண்டு ஓடியிருப்பாள். சாஸ்திரச் சொற்களுக்குத் தமிழ் காண்பதற்காக ராஜாஜி முதலியோர் 1916-லேயே சேலத்தில் ஒரு சங்கம் ஏற்படுத்தினார்கள். ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும் கடன் நோட்டீஸ் மட்டும் இங்கிலீஷிலேயே வருவானேன்?

ரென்யூ என்பதை எப்படிப் பிள்ளைகள் மனத்தில் பதிப்பது என்று யோசித்தபோது, கோயில் கல்வெட்டுகளின் ஞாபகம் வந்தது. எங்கள் ஊர் அர்த்தநாரீசுவரர் கோயிலிலும் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உண்டு. தமிழ்நாடெங்கும் அக்காலத்தார் அணையாத விளக்குக்கு, அதாவது நந்தா விளக்குக்கு, தர்மம் எழுதும்போது 'சந்திராதித்தவல்' என்று பொறித்தார்கள். சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்பது பொருள். சரி, அதுவரை நெய்க்கு வழி? தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கணக்கு ஒரு விளக்குக்கு 96 ஆடுகள்; அல்லது 48 பசுக்கள்; அல்லது 16 எருமைகள். மந்தையைப் பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் வழங்கும் பெயர் 'சாவா மூவாப் பேராடு.' ஆடு சாகாமலும் கிழடாகாமலும் இருக்குமா? சாகத்தான் செய்யும். ஈன்ற குட்டிகள் அந்த இடத்துக்கு வந்துகொண்டே இருப்பதால், மந்தையின் தொகை மட்டும் குறைவதில்லை. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளை 1890 முதல் பதிப்பித்த ஜெர்மானியப் பண்டிதர் ஹூல்ஷ், இதற்கு ஒற்றை இங்கிலீஷ் வார்த்தை தேடவில்லை. சாகவும் மூப்படையவும் கூடாத ஆடுகள் என்று விரித்தே மொழிபெயர்த்தார்.

இவ்வருஷம் பத்தாம் வகுப்பில் இந்த மந்தையைச் சொல்லித்தான் பாடம் நடத்தினேன். பின் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"அப்போ ஆடு ரென்யூ ஆகுது, விளக்கு எக்ஸ்டெண்ட் ஆகுதா சார்?"

ஆமாம் என்றேன்.