காதுக்குள் ஒரு கச்சேரி: விலை உயர்ந்த இயர்போனை எடை போடுவது எப்படி?

சுண்டுவிரல் நுனி அளவுள்ள ஒரு ஜோடி இயர்போன் அறுபதாயிரம் ரூபாய் என்று சொன்னால், நம் வீட்டுப் பெரியவர்கள் "அதற்குள் தங்கம் ஏதாவது வைத்திருக்கிறானா?" என்று கேட்பார்கள். இளைஞர்களோ, "ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள்" என்பார்கள். இரண்டு கட்சியிலும் நியாயம் உண்டு. ஆனால் கேட்டுப் பார்ப்பது என்பது நாம் நினைக்கிற அளவுக்குச் சுலபமான காரியம் அல்ல.

இந்த ஆராய்ச்சியில் என்னை இழுத்துவிட்டவன் என் அக்கா மகன். மும்பையில் வேலைக்குச் சேர்ந்து, மிச்சம் பிடித்த பணத்தில் இப்படி ஒன்றை வாங்கத் துடித்துக்கொண்டிருந்தான். "மாமா, நீங்கள் கச்சேரி கேட்கிறவர், இன்ஜினீயரும்கூட. நீங்களே சொல்லுங்கள்" என்று ஒரு நண்பனுடைய அறுபதாயிரம் ரூபாய் இயர்போனை இரவல் வாங்கிக்கொண்டு வந்து நின்றான். ஒப்பிட்டுப் பார்க்க அவனுடைய பழைய இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் இயர்போனும் இருந்தது.

இந்த வகை இயர்போன்கள் முதலில் மேடைக் கலைஞர்களுக்காக வந்தவை. 1995-ல் ஜெர்ரி ஹார்வி என்ற அமெரிக்க ஒலிப் பொறியாளர், அலெக்ஸ் வான் ஹேலன் என்ற டிரம்ஸ் கலைஞருக்காக, மேடைச் சத்தத்தைத் தடுத்துத் தன் வாத்தியத்தைத் தெளிவாகக் கேட்க உதவும் இயர்போன் ஒன்றைச் செய்து கொடுத்தார். உள்ளே இருக்கும் நுண்ணிய ஒலிக்கருவி பல மாடல்களில் காது கேட்கும் கருவியில் இருப்பதே. சிலவற்றில் ஒரு காதுக்கு ஒன்று, சிலவற்றில் ஒரு காதுக்குப் பத்துக்கும் மேல். எண்ணிக்கை கூடினால் விலை கூடும். ஒலி கூடவே உயரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நம் காதும் ஒரு குழாய்தான்

செவித்துளை ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாய். புல்லாங்குழலில் காற்று ஒலிப்பதுபோல இந்தக் குழாயும் சுமார் 3,000 ஹெர்ட்ஸ் அருகில் ஒலியைப் பெருக்கிக் காட்டும். பிறந்தது முதல் நாம் கேட்ட குரல்கள் எல்லாம் இந்தப் பெருக்கத்தோடுதான் நம் மூளைக்குப் போயிருக்கின்றன. இயர்போனைச் செருகித் துளையை அடைத்துவிட்டால் இந்த இயற்கை ஒத்ததிர்வு இடம் மாறிவிடுகிறது. ஆகவே இயர்போன் செய்பவர் அந்த இடத்தில் ஒலியைத் தாமே கூட்டித் தரவேண்டும். எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். உங்கள் காதுக் குழாயும் என் காதுக் குழாயும் ஒரே அளவு அல்ல என்பதால், ஒருவருக்குத் தேனாக இருப்பது இன்னொருவருக்குக் குத்தலாக இருக்கலாம்.

முதலில் அடைப்பு, பிறகு தீர்ப்பு

எந்த இயர்போனையும் குறை சொல்வதற்கு முன், அது காதில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சிறிது இடைவெளி இருந்தாலும் முதலில் காணாமல் போவது கீழ்ச் சுருதி ஒலிகள். பெட்டியில் வரும் சிறிய, நடுத்தர, பெரிய ரப்பர் முனைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கவேண்டும். வலது காதுக்கு ஒரு அளவும் இடது காதுக்கு வேறு அளவும் தேவைப்படுவது சகஜம். சரியாக அடைத்திருந்தால், பேசும்போது உங்கள் குரல் உங்களுக்கே பானைக்குள் பேசுவதுபோல் முழங்கும். இதுவே போதுமான சோதனை. அக்கா மகனின் பழைய இயர்போனில் முனையை மாற்றியதுமே மிருதங்கம் திரும்பி வந்தது. அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

ஒலியின் அளவைச் சமமாக்குங்கள்

ஒரே பாட்டை இரண்டு விதமாக வாசித்துக் காட்டி, ஒன்றை மட்டும் கொஞ்சம் உரக்க வைத்தால், உரக்க இருப்பதையே பலரும் "தெளிவு, ஆழம்" என்று புகழ்வார்கள். குறைந்த ஒலியில் நம் காதுக்குக் கீழ்ச் சுருதிகள் மங்கிப் போகும் என்பதை ஃப்ளெச்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். வால்யூம் ஒரே இடத்தில் இருந்தாலும் எல்லா இயர்போனும் ஒரே அளவு ஒலிப்பதில்லை. நாங்கள் கையாண்ட முறை எளியது. கைப்பேசியின் மைக் துளையோடு ஒரு ரப்பர்க் குழாய்த் துண்டைப் பொருத்தி, மறுமுனையில் இயர்போனைச் செருகி, 500 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, இரண்டுக்கும் ஒரே எண் வரும்வரை வால்யூமைத் திருத்தினோம். இது ஆய்வுக்கூடத் துல்லியம் அல்ல. ஆனால் உத்தேசமாகத் திருப்புவதைவிட மேல்.

ரயில்வேயில் அந்நாளில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் தொழிலாளர்கள் இருந்தார்கள். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் விட்டது மொத்தென்று ஒலிக்கும். அவர்கள் ஒரே சுத்தியலால் ஒரே மாதிரி தட்டுவார்கள். அதனால்தான் வித்தியாசம் காதில் விழுந்தது. இங்கேயும் விதி அதுவே: ஒரே பாட்டு, ஒரே அளவு, அடுத்தடுத்து.

எந்தப் பாட்டு?

நேரில், மைக் இல்லாமல் நீங்கள் கேட்டுப் பழகிய வாத்தியமே சரியான உரைகல். நான் தேர்ந்தெடுத்தவை மூன்று.

முதலாவது தம்புரா. குதிரையின் மேல் தந்திக்கு அடியில் செருகும் சிறு நூலால்தான் அந்த ரீங்காரமும் அத்தனை மேற்சுரங்களும் பிறக்கின்றன. இயர்போனில் மேல் அதிர்வெண்கள் குறைந்திருந்தால் தம்புரா வெறும் முனகலாகிவிடும். மிகுந்திருந்தால் இரும்புக் கம்பிபோல் கீறும்.

இரண்டாவது மிருதங்கம். வலந்தலையில் கரணை என்னும் கரும் பசை இருப்பதால் அது மற்றத் தோல் வாத்தியங்கள்போல் வெறும் ஓசையாக இல்லாமல் சுருதியோடு ஒலிக்கிறது. இதை விளக்கியவர் சர் சி. வி. ராமன். திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1907-ல் நிதித் துறை உத்தியோகத்துக்காகக் கல்கத்தா போன அவரும் நம்மைப் போல் வெளியூர் வந்து வேர்விட்ட தமிழர்தான். 1920-ல் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார். இயர்போனில் கவனிக்கவேண்டியது, தொப்பியின் கும்கி முழக்கம் பாடகர் குரலின்மேல் வழிகிறதா, அல்லது தன் இடத்தில் நின்று அடங்குகிறதா என்பது. வழிந்தால் கீழ்ச் சுருதியை அளவுக்கு மீறிக் கூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கடையில் ஐந்து நிமிஷம் கேட்க அது அமர்க்களமாக இருக்கும்; வீட்டில் ஒரு மணி நேரம் கேட்டால் தலை கனக்கும்.

மூன்றாவது, பெண் குரலும் வயலினும். 'ஸ', 'ஷ' எழுத்துகள் ஊசிபோல் குத்தினால் அந்த இயர்போன் உங்கள் காதுக்கு ஆகாது. ஒரு எச்சரிக்கை: பழைய 78 சுற்று இசைத்தட்டுப் பாடல்களை இதற்கு வைத்துக்கொள்ள வேண்டாம். அவற்றில் உச்ச அதிர்வெண்கள் ஏறக்குறைய இல்லை. இல்லாததை எந்த இயர்போனாலும் தர முடியாது.

எங்கள் சோதனையின் முடிவு இது. அளவைச் சமப்படுத்துவதற்கு முன் வானத்துக்கும் பூமிக்குமாக இருந்த வித்தியாசம், பிறகு பாதியாகக் குறைந்தது. குரலில் இரண்டுக்கும் பெரிய பேதம் தெரியவில்லை. தம்புராவின் ரீங்காரத்திலும் மிருதங்கத்தின் சாப்புச் சொல்லிலும் விலை உயர்ந்ததே மேல் என்று மூவருமாக ஒப்புக்கொண்டோம். கண்ணைக் கட்டியும் பார்த்தோம். ஆனால் எடையும் வடிவமும் எது எதென்று காதுக்குச் சொல்லிவிடுகின்றன. ஆகவே விலையை அறிந்த மனம் ஓரளவு பாரபட்சம் காட்டியிருக்கும்.

மூன்றாவது நடுவர் என் பேத்தி. இயர்போனில் அதிர்வெண்ணைப் படிப்படியாக உயர்த்திக்கொண்டே போனபோது, 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எனக்கு எல்லாம் மௌனம். அவளோ 16,000-லும் முகத்தைச் சுளித்தாள். வயதானால் மேல் அதிர்வெண்கள் முதலில் போவது இயற்கை. ஆகவே உச்ச ஒலிகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அறுபது வயதுக்காரர் தகுதியானவர் அல்ல; வாத்தியத்தின் நாதம் நிஜமாக இருக்கிறதா என்று சொல்லக் கச்சேரி கேட்டுப் பழகாத சிறுவரும் தகுதியானவர் அல்ல. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கவேண்டும்.

விலையைப் பற்றி ஒரு அளவீடு உண்டு. ஜெரோன் ப்ரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன், இயர்போன்களின் அதிர்வெண் அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று 2017-ல் எழுதினார். அதிகப் பணத்துக்கு நல்ல பொருத்தமும் உறுதியான கட்டமைப்பும் கிடைக்கலாம். ஒலி உயர்வு கிடைத்தே தீரும் என்று சொல்லமுடியாது. அக்கா மகன் கடைசியில் ஆறாயிரம் ரூபாயில் ஒன்றை, மேலே சொன்ன மூன்று சோதனையும் செய்து வாங்கினான்.

விலையைவிட முக்கியமானது

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வகுத்துள்ள அளவு: பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல்தான். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 80-ல் 40 மணி என்றால் 83-ல் 20, 86-ல் 10, 95-ல் ஒன்றேகால் மணிதான். காதின் உள்ளே இருக்கும் மயிர்ச் செல்கள் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. லோக்கல் ரயிலின் இரைச்சலை வெல்லப் பிள்ளைகள் வால்யூமை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். நன்றாக அடைக்கும் இயர்போனின் உண்மையான லாபம் இங்கேதான். வெளிச்சத்தம் குறைவதால், வால்யூமைத் தாழ்த்தி வைத்தே பாட்டைக் கேட்கலாம். அமைதியான அறையில் எந்த அளவு போதுமோ அதைக் குறித்துக்கொண்டு, ரயிலிலும் அதற்கு அருகிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

அதே அடைப்புத்தான் ஆபத்தும். தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பது 1989-ஆம் வருட ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி குற்றம். காதை அடைத்துக்கொண்டு கடப்பவருக்கு ஹாரன் சத்தமும் மங்கித்தான் கேட்கும். நேர் எதிரே வரும் மின்சார ரயில், அருகில் வரும்வரை பெரிய சத்தம் தராது. வேகத்தில் வரும் வண்டியை டிரைவர் நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது. வீட்டுப் பிள்ளைகள் எத்தனை ரூபாய் இயர்போன் வைத்திருந்தாலும், பிளாட்பாரத்துக்கு வரும்போதும் ரோட்டைக் கடக்கும்போதும் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் வழக்கத்தை இன்றே ஏற்படுத்துங்கள்.