சிவப்பணுவின் வாசலில் ஒரு செய்தி

குற்றாலம் பேரருவியின் நீர் மலையுச்சியிலிருந்து நேரே நம் தலையில் விழுவதில்லை. இடையில் பொங்குமாகடல் என்னும் பாறைப் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகே கீழே இறங்குகிறது. நம் உடலிலும் சில கட்டளைகள் இப்படி இடைநிலைகளைக் கடந்தே போய்ச் சேருகின்றன. ஆனால் ஒரு வேற்றுமை. அருவியில் இறங்குவது அதே நீர். உயிரணுவிலோ செய்தி மட்டுமே கைமாறுகிறது.

தென்காசி இளைஞர் ஒருவர் இராணுவத்தில் சேர்ந்து, சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகருக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. இதை உணரும் சிறுநீரகம், எரித்ரோபாய்டின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் கூடுதலாகக் கலக்கிறது. அது எலும்பு மஜ்ஜையில் வளரும் இளம் சிவப்பணுக்களை அடைகிறது.

ஹார்மோன் அணுவுக்குள் நுழைவதில்லை. அணுவின் மேலுறையில் உள்ள இரண்டு ஏற்பிகளை ஒருசேரப் பற்றிக்கொள்கிறது. ஏற்பிகளின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஜாக்-2 என்னும் என்சைம்கள் இதனால் விழித்தெழுகின்றன. ஏ.டி.பி. மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து முதலில் ஒன்றுக்கொன்றும், பிறகு ஏற்பியின் வாலிலும், அங்கு வந்து சேரும் ஸ்டாட்-5 என்னும் புரதத்திலும் பொருத்துகின்றன. பாஸ்பேட் பெற்ற ஸ்டாட்-5 புரதங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து உட்கருவுக்குள் சென்று, குறிப்பிட்ட ஜீன்களை இயக்குகின்றன. இளம் அணு மடியாமல் பிழைத்து வளர்கிறது.

என்சைம் தன் வேலையில் தீர்ந்துபோவதில்லை. ஆகவே ஒரே என்சைம் பல மூலக்கூறுகளுக்குச் செய்தியைத் தரமுடியும். வேலை முடிந்ததும் வேறு வகை என்சைம்கள் பாஸ்பேட்டை நீக்கிச் செய்தியை நிறுத்துகின்றன.

நிறுத்தாவிட்டால் என்ன ஆகும்? ஜாக்-2 ஜீனில் ஏற்படும் ஒரு சிறு மாறுதலால் அந்த என்சைம் ஹார்மோன் இல்லாமலே ஓயாது இயங்குவதை 2005-இல் விஞ்ஞானிகள் கண்டனர். சிவப்பணுக்கள் மிகுந்து, இரத்தம் தடித்து, குழாய்களில் உறையும் ஆபத்து உண்டாகிறது.

செய்தியே வராவிட்டாலும் துன்பம்தான். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இந்த ஹார்மோன் குறைந்து சோகை பிடிக்கிறது. யூஜின் கோல்ட்வாசர் குழுவினர் சோகை நோயாளிகளின் 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து இதைத் தூய்மையாகப் பிரித்ததை 1977-இல் வெளியிட்டனர். கிடைத்ததோ சில மில்லிகிராம்! பின்னர் இதன் ஜீனைப் பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களைக் கொண்டே இதைத் தயாரித்தனர். 1989-இல் அமெரிக்கா இதை மருந்தாக அங்கீகரித்தது. சிறுநீரகம் அனுப்பத் தவறிய செய்தியை இன்று ஓர் ஊசி மருந்து கொண்டுபோய்ச் சேர்க்கிறது.