கோல்டிட்ஸ் கோட்டையில் ஓர் இந்திய டாக்டர்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், முல்டே ஆற்றங்கரைப் பாறைமேல் நிற்கிறது கோல்டிட்ஸ் கோட்டை. இரண்டாம் உலகப் போரில், மற்ற முகாம்களிலிருந்து தப்பி ஓடிப் பிடிபட்ட நேச நாட்டு அதிகாரிகள் பலரை நாஜி ராணுவம் இங்கேதான் அடைத்தது. தப்புவதில் கைதேர்ந்தவர்களை ஓரிடத்தில் சேர்த்தால் சும்மா இருப்பார்களா?

ஜெனீவா ஒப்பந்தப்படி அதிகாரிகளைக் கட்டாய வேலை வாங்கக் கூடாது. கிடைத்த பொழுதில் சுரங்கம் தோண்டினார்கள், போலிப் பத்திரம் எழுதினார்கள், சீருடை தைத்தார்கள். 1942 ஜனவரியில் பிரிட்டிஷ் அதிகாரி ஏரே நீவ், டச்சுக்காரர் ஒருவரோடு கோட்டையின் நாடக மேடைக்கு அடியில் நுழைந்து, ஜெர்மன் அதிகாரி வேடத்தில் வெளியேறி சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார்.

இதையும் மிஞ்சியது மாடி அறையில் பொய்ச்சுவர் எழுப்பி ரகசியமாகக் கட்டிய கிளைடர், அதாவது இன்ஜின் இல்லாத விமானம். பலகைகளைப் பெயர்த்து எலும்புக்கூடு செய்தார்கள். இறக்கையின் அகலம் 32 அடி. அதன்மேல் கட்டம் போட்ட படுக்கைத் துணியைப் போர்த்தி, தினைக்கஞ்சியைப் பூசினார்கள். கஞ்சி போட்ட வேட்டியாக விறைத்தது துணி. ஆனால் அது பறக்கவே இல்லை. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்துவிட்டது.

இந்தச் சாகசங்களைச் சொல்பவர்கள் சிலரை மறந்துவிடுகிறார்கள். அதிகாரிகளுக்கு ஏவல் செய்யச் சாதாரணச் சிப்பாய்களும் உள்ளே இருந்தார்கள். கால்களை இழந்த விமானி டக்ளஸ் பேடரை முதுகில் சுமந்து படி ஏற்றி இறக்கியவர் ஒரு சிப்பாய். அவருக்கு ஊர் திரும்ப வாய்ப்பு வந்தபோது பேடர் விடவில்லை.

இன்னொருவர் பிரேந்திரநாத் மஜும்தார். பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர்; கோல்டிட்ஸில் இருந்த ஒரே இந்தியர். சக கைதிகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ஜம்போ'. ஜெர்மன் உளவாளியோ என்ற சந்தேகம் வேறு. ஜெர்மானியர்கள் பெர்லினுக்கு அழைத்துப்போய், அவர்கள் பக்கம் இந்தியப் படை திரட்டிக்கொண்டிருந்த சுபாஷ் சந்திர போஸ் முன் நிறுத்தியபோதும், பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் கொடுத்த வாக்கை மீற மாட்டேன் என்று மறுத்தவர் அவர். இந்திய விடுதலையை விரும்பியவரும் அவரே! தப்பும் திட்டங்களில் சேர்க்கக் கேட்டார்; இந்த நிறத்தை வைத்துக்கொண்டு ஜெர்மன் வேடம் எடுபடாது என்று ஒதுக்கினார்கள்.

இந்தியர்களுக்கான முகாமுக்குத் தன்னை மாற்றக் கோரி, காந்தி வழியில் உண்ணாவிரதம் இருந்தார். ஜெர்மானியர்கள் இறங்கிவந்து, பிரான்ஸில் இருந்த அப்படியொரு முகாமுக்கு அவரை மாற்றினார்கள். பின்னர் அங்கிருந்து தப்பி, சுவிட்சர்லாந்தை அடைந்தார். கோல்டிட்ஸ் வீரர்களின் பட்டியலில் இவரை நான் முதலில் வைப்பேன்.