மக்கள் தீர்ப்பு – 9: மணி ஒருமுறைதான் ஒலிக்க வேண்டும்

முடிவுத்தாள்களில் வெள்ளை மை பூசி எண்களைத் திருத்தியதற்காக, மலாவி நீதிமன்றம் ஓர் அதிபர் தேர்தலையே செல்லாது என்று அறிவித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குப் போவோம். செனகலுக்கு நடுவே, ஓர் ஆற்றின் இரு கரையோரமாக நீளும் சின்னஞ்சிறு நாடு காம்பியா.

அங்கே பல பத்தாண்டுகளாக வாக்குச்சீட்டு கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களே பெரும்பாலோராக இருந்த 1960-களில் தொடங்கிய முறை அது. வாக்காளரிடம் ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டைக் கொடுப்பார்கள். மறைவிடத்துக்குள் வேட்பாளருக்கு ஒன்றாக டிரம்கள். ஒவ்வொன்றிலும் கட்சி நிறமும் சின்னமும் வேட்பாளர் படமும். மேலிருக்கும் குழாயில் குண்டைப் போட்டால் அது உருண்டுபோய் உள்ளே ஒரு மணியில் மோதும். வெளியே அலுவலர்களும் முகவர்களும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். மணி இரண்டாம் முறை ஒலித்தால் கள்ள ஓட்டு பிடிபட்டது! விழுந்த குண்டுகள் சத்தம் எழுப்பாதிருக்க அடியில் மணலோ மரத்தூளோ கொட்டியிருக்கும். மணியோசை குழப்பும் என்று சாவடிப் பக்கம் சைக்கிளுக்கும் தடை. எண்ணுவதற்குப் பல்லாங்குழியைப் பெரிதாக்கியதுபோல 200 அல்லது 500 குழிகள் கொண்ட தட்டு.

ஆனால் இதே குண்டுகளை வைத்துத்தான் யஹ்யா ஜாமே 22 ஆண்டுகள் ஆண்டார். 1994-ல் ராணுவப் புரட்சியில் வந்தவர், அதன்பின் நான்கு தேர்தல்களில் வென்றார். 2016 டிசம்பர் 1 அன்று தோற்றார். எதிர்க்கட்சிகள் பலவும் அடாமா பாரோ என்ற ஒரே வேட்பாளரின் பின்னால் திரண்டது ஒரு காரணம். அதற்கு இணையாக நான் கருதுவது, அந்தத் தேர்தலில் வாக்குகளை அந்தந்தச் சாவடியிலேயே, முகவர்களின் கண்ணெதிரே எண்ணியதை. டிரம்மை வேறிடத்துக்குக் கொண்டுபோகும் வழியில் என்ன நடந்தது என்ற சந்தேகத்துக்கே இடமில்லாமல் போயிற்று.

கூட்டலில் நேர்ந்த பிழையைத் தேர்தல் ஆணையமே சில நாளில் வெளியிட்டது. பாரோவின் முன்னிலை 19,000 சொச்சமாகக் குறைந்ததே தவிர, வெற்றி மாறவில்லை. முதலில் தோல்வியை ஒப்புக்கொண்ட ஜாமே டிசம்பர் 9-ல் பின்வாங்கினார். ஆணையத் தலைவர் அலியு மோமர் நிஜாய் முடிவை மாற்ற மறுத்து, உயிருக்குப் பயந்து நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் படைகள் நுழைந்தபின், 2017 ஜனவரி 21-ல் ஜாமே கிளம்பினார்.

வளரும் நாடுகளின் தேர்தலுக்கு உதவ விரும்புகிறவர்கள் இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும்: கருவியைவிட, எண்ணிக்கையை எல்லோரும் சரிபார்க்க முடிவதே முக்கியம். கென்யா பெரும் செலவில் மின்னணுக் கருவிகளை வாங்கியது. 2017-ல் சர்வர்களைத் திறந்துகாட்டுமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும் ஆணையம் முழுமையாகக் காட்டவில்லை; அதிபர் தேர்தல் ரத்தானது. 2022-ல் அதே ஆணையம் சாவடிவாரி முடிவுப் படிவங்களை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவைத்தது. பத்திரிகைகளும் பொதுமக்களும் தாங்களே உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்கள். வழக்கு அப்போதும் வந்தது. இம்முறை முடிவு நின்றது.

(தொடரும்)