மட்டாஞ்சேரி வீட்டுத் தோட்டமும் கோடைக்கால நீரும்

ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் கொச்சி நகரில் கோடையில் குடிநீர்த் தட்டுப்பாடு நிலவுகிறது என்றால், இராமநாதபுரத்தில் வாழ்பவர் நம்ப மறுக்கக்கூடும். ஆயினும் உண்மை அதுவே. மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் பெய்து, ஓடைகளின் வழியே காயலை அடைந்துவிடுகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை வானம் பெரும்பாலும் வறண்டே காணப்படும். 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாழூர் நீரேற்று நிலையத்தின் பம்புகள் பழுதடைந்தபோது, மட்டாஞ்சேரி உள்ளிட்ட மேற்குக் கொச்சியின் மக்கள் லாரி நீருக்காகக் குடங்களுடன் காத்திருக்க நேரிட்டது.

இப்பகுதியின் நில அமைப்பே இந்நிலைக்கு அடிப்படைக் காரணமாகும். மட்டாஞ்சேரி, கடலுக்கும் காயலுக்கும் இடைப்பட்ட தாழ்வான மணற்பாங்கான நிலம். இத்தகைய நிலத்தின் அடியில் நன்னீரானது உப்புநீரின்மேல் ஒரு மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கிறது. நன்னீர் உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது. எனவே, கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் 1 மீட்டர் உயர்ந்திருந்தால், அதன் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியலாளரின் கணக்கு. இக்கணக்கை மறுபுறமாகப் படித்தால் அச்சமே மிஞ்சும். மேல்மட்டம் ஒரு சாண் இறங்கினால் உப்பு பல மீட்டர் மேலேறுகிறது. ஒரு வீட்டார் மிகுதியாக இறைத்தால் அடுத்த வீட்டாரின் கிணறும் உவர்க்கும். பொருளாதார நூல்களில் பொதுச் சொத்தின் சிக்கல் என்று மாணவர் படிப்பது இங்கே கிணற்றடியிலேயே காணக் கிடைக்கிறது. முற்காலத்தில் ஆலுவாயிலிருந்து பெரியாற்று நீரைப் படகுகளில் கொண்டுவந்து விற்றதும் இதனாலேயே.

ஒரு சிறு கணக்கைக் காண்போம். 50 சதுர மீட்டர் கூரையின்மீது ஓராண்டில் விழும் மழை 1,50,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,20,000 லிட்டர் எஞ்சும். நகர நீர்வழங்கலுக்கான தேசிய அளவுகோல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். ஐவர் கொண்ட குடும்பத்திற்கு 120 நாள் கோடையில் 81,000 லிட்டர் போதும். ஆக, மழை போதுமானது. அதைத் தேக்கும் இடமே இல்லை. 3 சென்ட் மனையில் எவர் அவ்வளவு பெரிய தொட்டியைக் கட்ட இயலும்? மண்ணே தொட்டியாக வேண்டும். கூரை நீரை வடிகட்டிக் கிணற்றில் இறக்கும் ‘மழப்பொலிமா’ என்னும் திட்டத்தைத் திருச்சூர் மாவட்ட நிர்வாகம் 2008-இல் தொடங்கியது இதே எண்ணத்தில்தான். 2004-இல் திருத்தப்பட்ட நகராட்சிக் கட்டட விதிகள் மழைநீர்ச் சேகரிப்பை வலியுறுத்தின. ஆனால் அவை புதிய கட்டடங்களுக்கானவை. மட்டாஞ்சேரியிலோ பழைய வீடுகளே மிகுதி.

வரவைப்போலவே செலவையும் நோக்குதல் வேண்டும். அயல்நாட்டுப் புல்லை வீட்டு முற்றத்தில் வளர்ப்பது இன்று ஒரு நாகரிகமாகிவிட்டது. 20 சதுர மீட்டர் புல்தரைக்குக் கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் தேவையெனக் கொண்டால் அது 100 லிட்டர். ஒரு மனிதரின் பங்கில் ஏறக்குறைய முக்கால் பகுதியை, அதுவும் ஆற்றிலிருந்து இறைத்துத் தூய்மைப்படுத்திய நீரை, அப்புல் குடித்துவிடுகிறது. மறுபுறம், முற்றம் முழுவதும் கான்கிரீட் கற்களைப் பாவுவோரும் உளர். இவர்கள் நீர் ஊற்றுவதில்லை என்பது உண்மையே. ஆனால் மழையும் மண்ணில் இறங்குவதில்லை. இவ்விரண்டில் பின்னதே பெருந்தீங்கு எனலாம்.

மூன்றாவது வழி இம்மண்ணுக்குப் புதியதன்று. 1670-களில் கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடே, கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த வைத்தியர் இட்டி அச்சுதன், கொங்கணி அந்தணர்களான ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகியோரின் துணையுடன் மலபாரின் தாவரங்களைத் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலில் 742 தாவரங்கள் இடம்பெற்றன. முதலில் விவரிக்கப்படுவது தென்னை. பேராசிரியர் கா. சு. மணிலாலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2003-இல் வெளியாகி, அந்நூலைப் பொதுமக்களுக்கும் எட்டச் செய்தது. ஐரோப்பியரை வியக்கவைத்த செடிகளுள் பல இன்றும் கொச்சியின் வேலியோரங்களில் கேட்பாரற்று வளர்கின்றன.

வெட்சி, நொச்சி, ஆடாதோடை, வெட்டிவேர், மிளகுக்கொடி, கறிவேப்பிலை ஆகியவை சிறு மனைக்கு ஏற்ற பல்லாண்டுத் தாவரங்கள். ஓராண்டுச் செடி ஒவ்வொரு பருவத்திலும் புதிதாக வேரூன்ற நீர் கேட்கும். பல்லாண்டுச் செடியோ ஒருமுறை ஆழ வேரூன்றியபின் மண்ணின் அடி ஈரத்தைத் தானே தேடிக்கொள்ளும். வெட்டிவேரின் வேர்கள் 2 முதல் 3 மீட்டர் வரை இறங்கி, மணலைப் பிணைத்து, மழைநீர் உட்புக வழி செய்கின்றன. ஆடாதோடைக்கு வேறொரு தகுதியும் உண்டு. மட்டாஞ்சேரித் தெருக்களில் ஆடுகள் தடையின்றி உலவுவதை அறிந்தோர், ஆடு தொடாத செடியின் அருமையை உணர்வர். புன்னையும் பூவரசும் உப்புக்காற்றைத் தாங்குபவை. எனினும் அவை 3 சென்ட் மனைக்கு உரியனவல்ல. பள்ளி, கோயில், அலுவலக வளாகங்களுக்கே பொருந்தும்.

நாட்டுச் செடிக்கு நீரே வேண்டாம் என்று எண்ணுவது தவறு. முதல் இரண்டு கோடைகளில் நீர் ஊற்றியே ஆக வேண்டும். நடுவதற்குத் திருவாதிரை ஞாற்றுவேலை, அதாவது ஜூன் இறுதியும் ஜூலைத் தொடக்கமும், சிறந்த காலம் என்பது கேரள உழவரின் வழக்கு. போர்ச்சுகீசியர் மிளகுக் கொடியைக் கொண்டுபோனாலும் திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியாது என்று சாமூதிரி அரசவையில் கூறப்பட்டதாக ஒரு கதையும் வழங்கி வருகிறது.

ஈரத்தைக் காக்கும் பொருளும் வீட்டிலேயே உள்ளது. தேங்காய் மட்டை தன் எடையைப்போல் 3 முதல் 5 மடங்கு நீரை உறிஞ்சி வைத்திருக்கும். குழிந்த பக்கம் மேல்நோக்கியிருக்குமாறு செடியைச் சுற்றிப் புதைத்து மண்ணிட்டால், அதன் பயன் 5 முதல் 7 ஆண்டுகள் வரை நீடிக்கும். இதன்மீது சருகு மூடாக்கும் இட்டால் ஆவியாதல் மேலும் குறையும். அரிசி, காய்கறி கழுவிய நீரை நேரே செடிக்கு விடலாம்; சோப்பு நீரைத் தவிர்ப்பது நன்று.

ஒரு எச்சரிக்கை. யானைக்கால் நோய்க்குக் ‘கொச்சிக் கால்’ என்ற பெயரே ஒரு காலத்தில் உலக மருத்துவ ஏடுகளில் வழங்கியது. அந்நோயைப் பரப்புவது கொசு. ஆகையால் மழைநீர்க் குழியில் சரளையும் மணலும் நிரப்பி, நீர் வெளித்தெரியாதபடி மூட வேண்டும். தொட்டிக்கும் கிணற்றுக்கும் கொசுவலை இன்றியமையாதது. மண்ணில் வெறுமனே தேங்கும் மட்டைகளையும் சிரட்டைகளையும் மழை தொடங்குமுன், மே மாத இறுதிக்குள், அகற்றியோ புதைத்தோ விடுதல் வேண்டும்.